இடைநிலைக் கல்வியும் இளைஞர் இலட்சியங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கல்வி வரலாறு எழுதப்படும்போது கட்டளைச் சட்டங்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் அமைச்சர்களின் பெயர்களுமே அதில் முதன்மை பெறுகின்றன. எந்த ஆண்டில் எவ்வகைப் பாடசாலைகள் திறக்கப்பட்டன, எந்த மொழியில் கற்பிக்கப்பட்டது, செலவை யார் ஏற்றனர் என்பனவற்றை நாம் ஓரளவு அறிவோம். ஆனால் அப்பாடசாலைகளின் மேல்வகுப்பு வாங்குகளில் அமர்ந்திருந்த பதினைந்து, பதினாறு வயதினர் தம் எதிர்காலத்தைக் குறித்து எதனை விரும்பினர், ஏன் அதனை விரும்பினர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. விருப்பம் என்பது தனிமனித உள்ளத்தின் இரகசியம், அது வரலாற்றாசிரியனின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருத்தமானதன்று. மாணவன் ஒருவனின் இலட்சியம் அவன் பிறந்த வீட்டில் மட்டும் உருவாவதில்லை. அவன் பயின்ற கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்தார், ஆய்வுகூடம் இருந்ததா, அங்கு கற்று வெளியேறியோர் எத்தொழில்களிற் புகுந்தனர் என்பனவெல்லாம் சேர்ந்தே அவன் எதனை ஆசைப்படலாம் என்பதற்கு வரம்பு கட்டின. அவ்வரம்பு காலந்தோறும் எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதைச் சில உதாரணங்கள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலையை நிறுவியோர் கருதியது ஒன்று, மாணவர் விரும்பியது வேறொன்று என்ற முரண்பாடு நம் நாட்டில் மிகப் பழையது. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் தமது செமினரியை ஆரம்பித்தபோது, சுதேச போதகர்களையும் உபதேசிமாரையும் உருவாக்குவதே அவர்களது எண்ணமாயிருந்தது. அங்கு ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் ஆகியன உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. ஆனால் ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் பிரசங்க மேடையை நாடாது அரசாங்கக் கந்தோர்களை நாடினர். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு இதனைக் குறையாகக் கண்டது. செமினரியும் அவ்வாண்டே மூடப்பட்டது. சில ஆண்டுகளின் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ.ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய இருவரும், அதாவது சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், அச்செமினரியிற் பயின்றவர்களே. பிற்காலத்திற் கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் தமிழ்ப் பணிக்கு வட்டுக்கோட்டையிற் பெற்ற பயிற்சியும் ஓர் அடித்தளமாயிற்று என்பதை மறுத்தல் இயலாது. அதை நிறுவியோர் இதற்காகவா கடல் கடந்து வந்தனர்?

ஆறுமுக நாவலரின் வரலாறு இதன் மறுபக்கம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புப் பிரிப்பு, படிமுறையான பாலபாடங்கள், அச்சுக்கூடம் என அவர் கைக்கொண்ட கருவிகள் பல மிஷன் பாடசாலையில் அவர் நேரிற் கண்டவையே. எதிர்ப்பதற்கான ஆயுதத்தைக்கூட இளமையில் அமர்ந்த வகுப்பறையே வழங்கிற்று.

பெண்களைப் பொறுத்தவரை வரம்பு இன்னும் இறுக்கமானது. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டமைக்கு, செமினரியிற் கற்ற இளைஞருக்குக் கிறிஸ்தவ மனைவியர் தேவை என்பதும் ஒரு காரணமாக இருந்தது. அத்தகைய பாடசாலைகளிலிருந்தே யாழ்ப்பாணத்தின் பெண் ஆசிரியைகள் தோன்றினர் என்பதும் மேற்கூறிய முரண்பாட்டின் இன்னொரு வடிவமே.

இனி, இந்த நூற்றாண்டுப் பழைய முரண்பாட்டை ஒரு தனிமனிதரின் வாழ்க்கையிற் காணலாம். 1884இல் அம்பலாங்கொடைக்கு அருகேயுள்ள றந்தொம்பே கிராமத்திற் பிறந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர. அவர் பயின்ற அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் டரல் பாதிரியார் வந்திருந்தார். ஒரே சிறுவன் மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசு பெறுவதைக் கண்ட அவர், இவற்றையெல்லாம் கொண்டு செல்ல மாட்டுவண்டியல்லவா வேண்டும் என்று வேடிக்கையாகக் கூறினாராம். அவர் முன்னின்று வழங்கிய புலமைப்பரிசிலினாலேயே கன்னங்கர றிச்மண்ட் கல்லூரியிற் கால் வைத்தார். அது இல்லாதிருந்தால், கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலை ஒன்றில் அவர் உயர்கல்வி பெற்றிருப்பது அரிது. டரல் பாதிரியார் 1906இல், நெருப்புக் காய்ச்சலால் வாடிய மாணவரைப் பராமரிக்கையில் தாமும் அந்நோய்க்கு ஆளாகி இறந்தார். மாணவர் ஆசிரியராகி, வழக்கறிஞராகி, 1931இல் நாட்டின் கல்வி அமைச்சரானார்.

அமைச்சரான பின் அவர் செய்தவற்றுட் பலவற்றை, தமக்குத் தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பை ஒழுங்குமுறையான வாய்ப்பாக மாற்றும் முயற்சி என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். அக்காலத்தில் தாய்மொழிப் பாடசாலைகள் இலவசமானவை. ஆங்கிலப் பாடசாலைகளோ கட்டணம் அறவிட்டன. உத்தியோகம், சட்டம், வைத்தியம் யாவற்றுக்கும் ஆங்கிலமே வாசலாயிருந்தமையால், கிராமத்துச் சிறுவனின் ஆசை தமிழ் அல்லது சிங்கள ஆசிரியத் தொழிலுடன் நின்றுவிட்டது. இதனை உடைப்பதற்கு இரு வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, அவர் தலைமை தாங்கிய விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. மற்றையது, 1940களின் தொடக்கம் முதல் நாட்டுப்புறங்களில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகள். ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே விடுதியும் உணவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவரது பதவிக்காலம் முடிவதற்குள் இத்தகைய பாடசாலைகள் ஐம்பதுக்கு மேல் எழுந்துவிட்டன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மத்துகமத் தொகுதி வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர் என்பது நம் நாட்டு அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று.

இதே ஆண்டுகளில் இன்னொருவரும் இவ்வழியிற் சிந்தித்தார். வண்ணார்பண்ணையிற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற முஸ்லிம் மாணவரான ஏ. எம். ஏ. அஸீஸ், 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதலாவது முஸ்லிமானார். 1942இற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியபோது, தம் சமூகத்துச் சிறுவருக்குத் தாம் பெற்றது போன்ற பாடசாலை வாழ்க்கை எட்டாதிருந்தமையை நேரிற் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவரது முயற்சியால் உருவாயிற்று. 1948இற் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். பலர் கனவிலும் எண்ணாத பதவி ஒன்றை விட்டு ஒரு கல்லூரிக்குத் திரும்பியவர், கல்லூரி எதனைச் செய்யவல்லது என்பதை நன்கு அறிந்தவராகவே இருந்திருத்தல் வேண்டும்.

மத்திய பாடசாலைகளுக்குள் நிகழ்ந்தது யாது? இங்குதான் மாணவர் விருப்பம் திட்டமிட்டோரின் விருப்பத்தோடு மோதுகின்றது. 1943ஆம் ஆண்டு அறிக்கை இடைநிலைக் கல்வியை மூவகையாகப் பிரிக்க விதந்துரைத்தது. ஏட்டுக் கல்வியில் திறமை மிக்கோருக்கு ஒருவகைப் பாடசாலை. ஏனையோருக்குச் செய்முறைக் கல்வி சார்ந்த பாடசாலைகள். மத்திய பாடசாலைகளிலும் விவசாயம், நெசவு, மரவேலை போன்றன இடம்பெறவேண்டுமென எண்ணப்பட்டது. ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் நாடியது எஸ்.எஸ்.சி. பரீட்சையையும் அதன் வழியாகக் கிடைக்கும் எழுதுவினைஞர், ஆசிரியர் பதவிகளையுமே. வெகு விரைவில் மத்திய பாடசாலைகள் நகரத்துக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைத் தழுவின. இதனைக் கண்டு, நம் இளைஞர் உடலுழைப்பை இழிவாகக் கருதுகின்றனர் என்று அன்றும் பின்னரும் அறிஞர் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. கமக்காரனின் மகன் தன் தந்தை மழையை நம்பியும் கடனை நம்பியும் வாழ்வதை ஒவ்வொரு நாளும் கண்டவன். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் என்ன செய்யும் என்பதையும் அயல்வீட்டு ஆசிரியரிடம் கண்டவன். அவனது தெரிவு சமூகத்தைச் சரியாக வாசித்ததன் விளைவு. மேசை மீதிருந்து விவசாயத்தைச் சிபாரிசு செய்தோர் தம் புதல்வரை விவசாயப் பாடசாலைக்கு அனுப்பினரல்லர்.

மத்திய பாடசாலைகள் கிராமப்புறத் தமிழருக்குச் செய்ததை மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையிற் காணலாம். வாவிக்கு வடபாலுள்ள விவசாயக் கிராமங்களின் பிள்ளைகள் முன்னர் மட்டக்களப்பு நகரத்து மிஷன் கல்லூரிகளை அடைவது அரிதாக இருந்தது. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் விடுதியுடன் அமைந்ததும், நகரத்தை அறியாத கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் நோக்கிய பாதையொன்று திறந்தது. அப்பாடசாலையிற் பயின்று பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு, 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்த முயற்சிகளிற் பங்குகொண்டார். கிராமத்துக் களரியில் ஆடப்பட்ட கூத்து பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கும் அரங்குக்கும் உரிய கலையானமைக்கு, கூத்தை அறிந்த ஊர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் வரக்கூடியதாய் இருந்தமையும் ஒரு காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டபோது அதற்கு இடமளித்ததும் வந்தாறுமூலைப் பாடசாலை வளவே. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்வளவில் நிறுத்திவிடின் வரலாறு இனிய கதையாகிவிடும். 1950களில் இடைநிலை வகுப்புகளின் போதனாமொழி தாய்மொழியாயிற்று. 1960 அளவிற் பல்கலைக்கழகக் கலைப்பீடமும் தாய்மொழிகளுக்குத் திறந்தது. பெருந்தொகையினர் உயர்வகுப்பு வரை வந்தனர். எனினும் அவர்கள் வந்து சேர்ந்த பாடசாலைகள் ஒரே தரத்தன அல்ல. வரலாறும் குடியியலும் இலக்கியமும் கற்பிக்க ஓர் ஆசிரியரும் கரும்பலகையும் போதும். பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க நீர்க்குழாயும் எரிவாயுவும் கருவிகளும் பட்டதாரி ஆசிரியரும் வேண்டும். ஆகவே பெரும்பாலான கிராமப் பாடசாலைகள் கலைப்பாடங்களை மட்டுமே மேல்வகுப்பிற் கற்பித்தன. இதன் விளைவை ஒரு புள்ளிவிவரம் காட்டும். 1969இல் விஞ்ஞானம் சார்ந்த பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு அனுமதிபெற்றோருள் 67.5 வீதத்தினர் மேல் மாகாணத்தவர், 27.5 வீதத்தினர் வட மாகாணத்தவர். நாட்டின் சனத்தொகையில் இவ்விரு மாகாணங்களின் பங்கு முறையே ஏறத்தாழ 26 வீதமும் 7 வீதமுமே. எஞ்சிய ஏழு மாகாணங்களுக்கும் கிடைத்தது 5 வீதம்! அம்மாகாணங்களின் பிள்ளைகளுக்கு வைத்தியராகும் ஆசை இருக்கவில்லை என்று எவர் கூறுவார்?

இப்பின்னணியில் 1970களின் தொடக்கத்தை நோக்குதல் வேண்டும். 1971 ஏப்பிரலில் தென்னிலங்கையில் வெடித்த கிளர்ச்சியிற் சந்தேகத்தின் பேரிற் பிடிக்கப்பட்ட 10,192 பேரின் சமூகப் பின்னணியைக் கணநாத் ஒபயசேகர 1974இல் ஆராய்ந்தார். அவர்களுட் பெரும்பாலோர் இளைஞர். ஆரம்பக் கல்வியைத் தாண்டியவர். நகரத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளையன்றிச் சிங்கள மொழிமூலக் கிராமப் பாடசாலைகளைச் சேர்ந்தவர். அதே 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு இலங்கை பற்றி வெளியிட்ட அறிக்கை, தொழில்வாய்ப்புகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையையே நாட்டின் மையப் பிரச்சினையாகக் கண்டது.

அதே காலத்தில் வடக்கிலும் பாடசாலை வழங்கிய கனவு ஒன்று தடுக்கப்பட்டது. ஆனால் தடுக்கப்பட்ட முறை வேறு. மிஷன் கல்லூரிகளும் அவற்றோடு போட்டியிட்ட இந்துக் கல்லூரிகளும் யாழ்ப்பாணத்தில் ஒரு நூற்றாண்டாகக் கட்டியெழுப்பிய ஆய்வுகூடங்கள் இருந்தன, ஆசிரியர் இருந்தனர், பொறியியலாளரும் வைத்தியருமாகி வெளியேறிய முன்னோரின் உதாரணம் இருந்தது. 1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் அடிப்படையிற் பொறியியற் பீடத்துக்கு அனுமதி பெறுவதற்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டும் என விதிக்கப்பட்டது. தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. விஞ்ஞானம் சார்ந்த பாடநெறிகளில் 1970இல் ஏறத்தாழ 35 வீதமாயிருந்த தமிழ் மாணவர் பங்கு 1974இல் ஏறத்தாழ 21 வீதமாகக் குறைந்தது. 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றிவிட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றை இங்கு விவரிக்கவேண்டியதில்லை.

இவ்விரு ஏற்பாடுகளையும் ஒன்றாகக் கொள்வது தவறு. மொழியைக் காரணமாக வைத்து ஒரே வினாத்தாளுக்கு இருவேறு வெட்டுப்புள்ளி வைத்தல் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது. மாவட்ட ஒதுக்கீடோ அவ்வாறன்று. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து தமிழ், முஸ்லிம் மாணவர் வைத்திய, பொறியியற் பீடங்களுக்குள் வர அது வழிவகுத்தது. யாழ்ப்பாணத்தில் இதனைப் பேசும்போது இவ்வுண்மையை மெல்லக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனினும் ஒதுக்கீட்டின் குறையும் தெளிவானது. ஆய்வுகூடங்களைப் பகிர்ந்தளிப்பதற்குப் பதிலாக அது அனுமதி இடங்களைப் பகிர்ந்தளித்தது. முன்னதற்குப் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். பின்னதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

1972இன் கல்விச் சீர்திருத்தம் செய்முறைக் கல்வி என்னும் பழைய மருந்தை மீண்டும் எடுத்தது. தொழில்முன் பாடங்கள் என்ற பெயரில் அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்கள் இடைநிலை வகுப்புகளிற் புகுத்தப்பட்டன. 1975இற் புதிய தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. கடலோரப் பாடசாலையில் மீன்பிடி, களிமண் கிடைக்குமிடத்தில் மட்பாண்டம்! மீனவரின் மகனுக்கு மீன்பிடியைக் கற்பிக்கப் பாடசாலை எதற்கு என்று பெற்றோர் கேட்டனர். 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1855இல் வட்டுக்கோட்டையிலும் 1940களில் மத்திய பாடசாலைகளிலும் கண்ட அதே மோதலே இங்கும் நிகழ்ந்தது.

இதுவரை கூறியன யாவும் உயர்பாடசாலைப் பருவம் என ஒன்றைப் பெற்றவர்களைப் பற்றியவை. அப்பருவமே வாய்க்காதோரும் இந்நாட்டில் இருந்தனர். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கவேண்டுமென விதித்தது. பத்து வயது என்ற அவ்வெல்லை தற்செயலானதன்று. அதன் பின் பிள்ளை கொழுந்து பறிக்கவோ புல்வெட்டவோ போகலாம். நாடெங்கும் இலவசக் கல்வி வந்த பின்னரும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் வளரவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. மலையகத்து எழுத்தாளருள் முன்னோடியான சி. வி. வேலுப்பிள்ளை ஹற்றனிலும் பின்னர் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் கற்றார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமானார். ஆனால் அவர் பெரிய கங்காணி குடும்பத்திற் பிறந்தவர். லயத்திற் பிறந்த அவரது சமவயதினருட் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எதனை ஆசைப்படுவது என்று தீர்மானிக்க வேண்டிய பதினாறாம் வயதில் அவர்கள் ஏற்கனவே ஐந்தாறு ஆண்டு வேலை செய்த தொழிலாளராயிருந்தனர். மலையகத்திலிருந்து பட்டதாரிகள் தொகையாகத் தோன்றத் தாமதித்தமைக்கு அச்சமூகத்தின் மனப்பாங்கைக் காரணம் காட்டுவோர் இந்த எளிய கணக்கை மறந்துவிடுகின்றனர்.

கலைப்பீடத்திற் பயிலும் நம்மிடம், ஏன் இத்துறையைத் தேர்ந்தெடுத்தீர் என்று கேட்பின், ஆர்வம் என்றே நம்மிற் பலர் விடையளிப்போம். அவ்விடை பொய்யன்று. வரலாற்றை விரும்பியே கற்பவர்கள் இங்கு இருக்கின்றனர். என்னையும் அவர்களுள் ஒருவனாகவே எண்ணுகிறேன். ஆனால் அவ்விருப்பம் பிறந்த இடத்தையும் நோக்கவேண்டும். இன்று இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் விஞ்ஞானப் பிரிவு உட்பட க.பொ.த. உயர்தரத்தின் பிரதான பிரிவுகளைக் கொண்ட ‘1ஏபி’ வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. ‘1சி’ வகைப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு உண்டு. ஆனால் அங்கே கலையும் வர்த்தகமுமே உண்டு. தொழில்நுட்பப் பிரிவு 2013இற் சேர்க்கப்பட்டதும் பாதை ஓரளவு விரிந்தது. எனினும் அதற்கும் கட்டிடமும் கருவியும் வேண்டியிருந்தமையால், அதுவும் பெரும்பாலும் ஏற்கனவே வசதி பெற்ற பாடசாலைகளையே முதலில் அடைந்தது.

‘1சி’ பாடசாலை ஒன்றிலிருந்து சாதாரணதரப் பரீட்சை எழுதிய மாணவி ஒருத்திக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ‘ஏ’ சித்தி கிடைக்கின்றது என வைத்துக்கொள்வோம். பெறுபேறு வந்த அன்று மாலை அவளது வீட்டில் நடைபெறும் உரையாடலில் உயிரியலா பௌதிகமா என்ற பேச்சு எழுவதில்லை. நகரத்துப் பாடசாலை இடம் தருமா, காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாமா, அறை எடுத்துத் தங்குவதாயின் மாதம் எவ்வளவு, பெண்பிள்ளையைத் தனியே விடலாமா, தனியார் வகுப்புகளுக்குக் கட்டணம் எங்கிருந்து வரும், இளையவனின் படிப்பு என்னாகும் என்பனவே பேசப்படுகின்றன. மத்திய பாடசாலைகளின் விடுதிகள் இக்கேள்விகளுள் முக்காற்பங்குக்கு ஒருகாலத்தில் விடையாக இருந்தன. கணக்குச் சரிவராவிடின், திங்கட்கிழமை காலையில் அவள் தன் பழைய பாடசாலைக்கே சென்று, உயர்தரக் கலைப்பிரிவு விண்ணப்பப் படிவத்தில் தமிழ், வரலாறு, புவியியல் என்று எழுதுவாள்.